சேவூர் நயினார் வீட்டுச் சூடு

ஆரணியில் மதிவதனிக்குப் பேர் வந்தது சூட்டினால்தான். அந்தப் பேர் போகப் பார்த்ததும் அதே சூட்டினால்தான். சேவூர் வீட்டு நெருப்பைப் பற்றி ஊர் இன்றைக்குச் சொல்கிற கதையில் பாதி புளுகு. அவளிடமே கேட்டால், "நான் போயி காப்பாத்துனேனாம்! போங்கய்யா, நீங்களும் உங்க கதையும்" என்று ஸ்க்ரூ டிரைவரை மேசையில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். 

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜரிகைக் கடைக்கு மாடியில் அவளுடைய கடை. ஏறுகிற படி ஒடுக்கம், எதிரே ஆள் வந்தால் ஒருத்தர் திரும்பிப் போகவேண்டியதுதான். அப்பா ராமதாஸ் சேவூரில் நயினார் வீட்டு நிலத்தில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்தபோது, "கைல கரி படாத வேலையாப் பாரும்மா" என்றார். அவளோ கையில் ஈயம் படுகிற வேலையைப் பிடித்துக்கொண்டாள். முதலில் தறிகளில் பூ வேலைக்கு வைக்கிற எலக்ட்ரானிக் ஜக்கார்டு போர்டுகள் வந்தன. கல்யாண சீசனில் போர்டு ஒன்று செத்துப்போனால் நெசவுக்காரர்கள் படியில் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவள் கை நல்ல கை. நாக்குதான் கொஞ்சம் நீளம். "தறிய ஈரத்துல வெச்சிகினு போர்டு போச்சு போர்டு போச்சுன்னா, போர்டு இன்னா பண்ணும்?" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே காசு கொடுத்துப் போவார்கள்.

கொரோனா ஊரடங்கெல்லாம் கழிந்த பிறகு ஊருக்குள் புதிதாக ஒரு பைத்தியம் வந்தது. கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கென்று செய்த கிராபிக்ஸ் கார்டுகளை வாங்கி, இரும்புச் சட்டத்தில் வரிசையாக மாட்டி, ராத்திரி பகல் நிறுத்தாமல் கணக்குப் போட விடுவது. கணக்குப் போட்டால் கிரிப்டோ காசு வரும் என்றார்கள். வந்ததும் உண்மைதான். வேலை வெட்டி இல்லாத பிள்ளைகள் எல்லாம் திடீரென்று போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரிக்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் அந்தக் கார்டுகள் விளையாட்டுக்குப் பிறந்தவை. ஓய்வில்லாமல் ஓட்டினால் அடுப்பாகக் கொதிக்கும். கொதி ஒரு அளவைத் தாண்டினால் கார்டு தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். மெதுவானால் வருமானம் குறையும். உடனே கார்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மதிவதனியின் படி ஏறுவார்கள். அவள் பிரித்து, சிப்புக்கு மேல் காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி, சூட்டை வெளியே கடத்துகிற ரப்பர் பட்டைகளை மாற்றி, தகடுகளுக்கு நடுவே அடைந்த குப்பையைத் தூரிகையால் தள்ளிக் கொடுப்பாள். சூடு சட்டென்று இறங்கும். "கார்டு சூட்டுக்கு மதிவதனிதான்" என்று செய்யாறு வரைக்கும் பேச்சாகிவிட்டது.

ஒரு கார்டைப் பிரித்தால் அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள். ரைஸ் மில் ஊரான களம்பூரிலிருந்து வருவதில் தவிட்டுத் தூசு படிந்திருக்கும். நெசவு ஊரான முள்ளிப்பட்டிலிருந்து வந்தால் பட்டு இழைப் பிசிறு. சமையலறைப் பக்கம் வைத்தவர்கள் கார்டில் எண்ணெய்ப் பிசுக்கு. எந்த வீடாக இருந்தாலும் பூச்சி மட்டும் பொது. கொசு, விட்டில், ஈசல் இறக்கை என்று விசிறி வெட்டிப் போட்டது எல்லாம் தகடுகளில் காய்ந்து கிடக்கும். கார்டுகளின் வண்ண விளக்கைப் பார்த்துவிட்டால் பூச்சி சும்மா இருக்குமா?

அரிஹந்த் கொண்டுவந்த கார்டுகளில் மட்டும் ஒரு பூச்சிகூட இல்லை.

சேவூர் நயினார் வீட்டுப் பிள்ளை அவன், சமணக் குடும்பம். களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் கணக்குப் பார்க்கிறான். காலையில் போனால் லோடு ஏற்றி முடித்து ராத்திரிதான் வருவான். அவனுடைய அப்பா நிலத்தில்தான் மதிவதனியின் அப்பா குனிந்து நட்டார். இப்போது அந்தப் பிள்ளை படியேறி வந்து, "அக்கா, கொஞ்சம் பாருங்கக்கா" என்று நின்றபோது அவளுக்கு உள்ளூர ஜில்லென்று இருந்தது. இருக்காதா பின்னே.

கார்டைப் பிரித்தவள், "இன்னா தம்பி, இவ்ளோ சுத்தமா வெச்சிகினு இருக்கீங்க? வயலோரத்து வீடு, ஒரு கொசு இறக்கை இல்லையே!" என்றாள். தகடுகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பஞ்சுப் பிசிறு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. ஊதிவிட்டாள்.

"எங்கம்மா எதையாவது தொடைச்சிகினே இருப்பாங்கக்கா" என்றான் அவன்.

பேஸ்ட் மாற்றி, பட்டை மாற்றி, கடையிலேயே பகல் முழுக்க ஓட்டிப் பார்த்தாள். பச்சைத் தண்ணீராக நின்றது. எடுத்துப் போனான். அந்த வாரமே திரும்பி வந்தான். "பகல்ல நல்லாதான் ஓடுது. சாயந்தரமானா ஏறிடுது. ஏறினா காலைல வரைக்கும் படுத்துக்குது." மறுபடி பிரித்தாள். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சாயந்தரம் ஊரெல்லாம் விளக்குப் போடுவதால் கரண்டு தள்ளாடுகிறதோ என்று ஸ்டெபிலைசர் வைக்கச் சொன்னாள். வைத்தான். அப்படியும் அந்தி சாய்ந்ததும் சூடு ஏறியது.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சேவூருக்குப் போனாள். அரிஹந்தின் அம்மா தர்மாம்பாள் குழாயடியில் இருந்தார். பித்தளைக் குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை நான்காக மடித்துப் போட்டு, தண்ணீரை அதன் மேல் விட்டு வடிகட்டிக்கொண்டிருந்தார். சமண வீடுகளில் வடிகட்டாத தண்ணீர் வாயில் படாது. கண்ணுக்குத் தெரியாத உயிர் அதில் இருக்கும் என்பார்கள். வடிகட்டி முடித்த துணியைக்கூட அவர் உதறவில்லை. நிதானமாக அலசி, அந்த நீரை வாழையடியில் ஊற்றினார்.

"ராமதாஸ் பொண்ணா நீ? வாம்மா, உள்ள வா" என்று முன்வாசல் வழியாகவே கூட்டிப்போனார்.

கார்டுகள் இருந்தது பழைய நெல் அறையில். வயலைப் பார்த்த பெரிய ஜன்னல், நல்ல காற்று, தரையில் தூசு இல்லை. சட்டத்தில் கார்டுகள் சிவப்பும் நீலமுமாக மினுக்கிக்கொண்டு அமைதியாக ஓடின. மதிவதனி தொட்டுப் பார்த்தாள். தொடுகிற சூடுதான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏம்மா, இதை ராத்திரியில நிறுத்தி வெக்க முடியாதா?" என்று தர்மாம்பாள் கதவருகில் நின்று கேட்டார்.

"நிறுத்தினா காசு வராதுங்கம்மா."

"இல்ல, விளக்கு மினுக்குதே. மழை பேஞ்சா ஈசல்லாம் வந்து அந்தக் காத்தாடியில பூந்துடுது."

"அதுக்கா கவலைப்படுறீங்க? கார்டுக்கு ஒண்ணும் ஆகாதுங்கம்மா. ஃபேன் வெட்டித் தள்ளிடும்!" என்று மதிவதனி பெருமையாகச் சொன்னாள்.

அந்த அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. மதிவதனி அதைப் பார்த்தாள்; மிஷினைப் பற்றித்தான் அவருக்கு இன்னும் பயம் என்று நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த கார்டின் சூட்டைக் கையால் அறிந்தவளுக்கு எதிரே நின்ற மனுஷியின் சூடு தெரியவில்லை. என்னத்தைச் சொல்ல!

இருட்டிய பிறகு சமணர்கள் சாப்பிடுவதில்லை; பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் சாப்பாடு முடிந்துவிடும். அவளையும் உட்கார வைத்துச் சோறு போட்டார். பிறகு வாசல் வரை வந்து, "விளக்கு வெக்கிற நேரமாச்சு, ஜல்தியா கெளம்பும்மா, வழியில இருட்டிடும்" என்று அனுப்பி வைத்தார். அவள் எப்போது போனாலும் இதே கதைதான். அந்தி கடந்து அந்த வீட்டில் அவள் ஒரு நாளும் இருந்ததில்லை.

அடுத்த முறை படியேறி வந்தபோது அரிஹந்த் உட்காரவில்லை.

"அக்கா, எல்லாரும் உங்க பேரைச் சொன்னாங்கன்னுதான் வந்தேன். எத்தினி வாட்டி அலையறது? ஒரே பேஜாரா இருக்கு. நான் வேலூர்லயே காட்டிக்கறேன். வாட்ஸ்அப் குரூப்ல பசங்க கேக்குறாங்க, ஆரணி அக்கா ரெடி பண்ணிட்டாங்களான்னு. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

அது அவளைச் சுருக்கென்று குத்தியது. கடையில் அப்போது வேறு ஆட்களும் இருந்தார்கள். பேர் என்பது என்ன லேசுப்பட்ட சமாச்சாரமா? அப்பா பேரைச் சொல்லி யாரும் படியேறி வரவில்லை, அவள் கைப் பேரைச் சொல்லித்தான் வந்தார்கள். அந்தப் பேரால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"இருங்க தம்பி. இன்னும் ஒரு வழி இருக்கு" என்றாள். சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கலாம். கடிக்கவில்லை.

"லிமிட்டை எடுத்துட முடியும்தானே? நான் படிச்சேன்" என்றான் அவன்.

முடியும். அந்தப் பழைய மாடல் கார்டுகளுக்குள் இருக்கிற புரோகிராமை மாற்றி எழுதினால், எந்தச் சூட்டில் மெதுவாக வேண்டும் என்கிற அளவை மேலே தூக்கிவிடலாம். கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கிவிடலாம். மதிவதனி அதுவரை யாருக்கும் அதைச் செய்ததில்லை. "அது சும்மா நிக்கல தம்பி. மூச்சு வாங்கத்தான் நிக்குது" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"வாங்கினவரைக்கும் போதும்க்கா. ஓடட்டும்."

சாயந்தரத்தில் மட்டும் ஏன் ஏறுகிறது என்கிற கேள்விக்கு விடை தெரியாமல் அதைச் செய்யக்கூடாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தாள். ஒவ்வொரு கார்டாகக் கம்ப்யூட்டரில் மாட்டி, அந்த எண்ணை மாற்றி எழுதி, திரும்ப வைத்தாள். வேலை முடிந்தபோது கை குளிர்ந்திருந்தது. ஃபேனை நிறுத்திப் பார்த்தாள், அப்புறமும் குளிர்ந்துதான் இருந்தது.

அரிஹந்துக்குக் கால் தரையில் பாவவில்லை. வேகம் குறையவே இல்லை என்று குரூப்பில் போட்டான். "லிமிட் எடுக்கிற அக்கா" என்று புதுப் பட்டம் கிடைத்தது. கார்டுகளின் சூட்டைப் போனிலேயே பார்க்கிற வசதியையும் அவளுக்குக் கொடுத்து வைத்தான். பார்க்கத்தான் முடியும், நிறுத்தவோ மாற்றவோ முடியாது. அந்தச் சாவி அவனிடம் மட்டும்.

பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். தினமும் பார்த்தாள். பகலெல்லாம் எண் சமத்தாக இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஏதோ ஒன்று வந்து மேலே ஏறி உட்கார்ந்தது போல, எல்லாக் கார்டுகளும் ஒன்றாக ஏற ஆரம்பிக்கும். முன்பெல்லாம் ஓர் அளவில் தயங்கி நின்றுவிடும். இப்போது நிற்கவில்லை. விடியற்காலையில் மறுபடி ஒன்றாக இறங்கும். கார்டு கெட்டால் ஒன்று கெடும், இரண்டு கெடும். எல்லாம் சேர்ந்து ஏறி எல்லாம் சேர்ந்து இறங்குவது மிஷினின் வேலை இல்லை. அந்த அறைக்குள் யாரோ வந்து போகிறார்கள்.  ஆனாலும், "காத்து மாறுதோ என்னவோ" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் அரிஹந்த் போட்டோ ஒன்று அனுப்பினான். கார்டுக்குக் கரண்டு கொண்டுபோகிற பிளக் ஓரத்தில் டீக் கறை மாதிரி பழுப்பேறியிருந்தது. "பரவாயில்லையாக்கா?" என்று கேட்டிருந்தான். "உடனே மாத்துங்க" என்று எழுதினாள். சரி என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மாற்றவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

ஆடி மாதம். பகலெல்லாம் புழுங்கித் தள்ளிவிட்டு நாலு மணிக்கு மழை அடித்து ஊற்றியது. விட்டதும் ஈசல் கிளம்பிற்று. எங்கிருந்துதான் வருமோ, படிக்கட்டு, சுவர், டியூப்லைட் என்று கடை முழுக்க ஈசல். மேசை மேல் களம்பூர்க் கார்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் விளக்கைப் பார்த்து வந்தவை விசிறியில் மோதிச் சிதறின. பொடிப்பொடியாக இறக்கைகள் மேசையில் வந்து விழுந்தன. மதிவதனி எரிச்சலோடு அவற்றைத் துடைத்துத் தள்ளினாள்.

துடைத்த கை அப்படியே நின்றது.

வயலோரத்து வீடு. பெரிய ஜன்னல். மினுக்கும் விளக்கு. அந்தக் கார்டுகளில் ஓர் இறக்கைகூட எப்படி இல்லாமல் போகும்? வெள்ளைப் பஞ்சுப் பிசிறு ஒட்டியிருந்ததே, அது எங்கிருந்து வந்தது? குடத்தின் வாயில் நான்காக மடித்த வெள்ளைத் துணி கண்ணுக்கு முன்னால் வந்தது. "ஈசல்லாம் வந்து அந்தக் காத்தாடியில பூந்துடுது" என்று சொன்னபோது சுருங்கிய முகமும் வந்தது. ஃபேன் வெட்டித் தள்ளிடும் என்று அவள்தானே, அவள் வாயால்தானே சொன்னாள்!

"அய்யோ, அந்தம்மா துணியப் போட்டு மூடுறாங்க" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

போனைப் பார்த்தாள். இருட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தாலும், மழை மூட்டத்தில் ஈசல் முன்பே கிளம்பியிருந்தது, துணியும் முன்பே விழுந்திருக்கும். எண் ஏறிக்கொண்டிருந்தது. பழைய லிமிட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அரிஹந்துக்குப் போன் போட்டாள். மில் ஓடுகிற இரைச்சலில் அவன் எங்கே எடுக்கப்போகிறான். மறுபடியும் போட்டாள். வீட்டு நம்பருக்குப் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. அந்தி நேரத்தில் அந்த அம்மா ஜபத்தில் உட்கார்ந்தால் போன் எடுக்கமாட்டார். கரண்டாவது போய்த் தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தூறல் போட்டாலே விளக்கணைகிற சேவூரில், சனியன், அன்றைக்கென்று பார்த்து கரண்டு போகவில்லை.

கடையைப் பூட்டினாளா என்றுகூட ஞாபகமில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். ரோடெல்லாம் தண்ணீர். ஈசல் முகத்திலும் வாயிலும் வந்து மோதியது. எதிரே வந்த டவுன் பஸ்காரன் கன்னாபின்னாவென்று ஹாரன் அடித்துத் திட்டினான். அவளுக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். துணி கட்டியது அந்த அம்மாவாக இருக்கலாம். கார்டை நிற்க விடாமல் செய்தது நான்.

வீட்டு முன்வாசல் சும்மா சாத்தியிருந்தது. உள்ளே நுழைந்ததுமே ரப்பர் கருகிய நாற்றம். நெல் அறையிலிருந்து வெளிச்சம் வந்தது. சிவப்பும் நீலமும் இல்லை, மஞ்சளாக ஆடுகிற வெளிச்சம். ஜன்னல் வழியாக ஈசல் கூட்டம் கூட்டமாக அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

இரும்புச் சட்டத்தின் மேல் கொசுவலை மாதிரி பழைய வெள்ளை வேட்டி போர்த்தியிருந்தது. ஒரு பக்கம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. தர்மாம்பாள் ஓடவில்லை, கத்தவில்லை. எரிகிற வேட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, ஜன்னலுக்கு வெளியே தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி முழுக்க ஈசல் ஒட்டியிருந்தது. "போங்க, போங்க, தள்ளிப் போங்க" என்று குழந்தைகளை விரட்டுவது போல அவற்றிடம் சொல்லிக்கொண்டே இழுத்தார். புடவைத் தலைப்பில் தீப்பொறி ஏறியிருந்தது.

மதிவதனி மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டு அவரை இடுப்போடு கட்டி வெளியே இழுத்தாள். கூடத்தில் வடிகட்டி வைத்திருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கி அப்படியே அவர் மேல் கவிழ்த்தாள். அடுத்த குடத்தை வேட்டியின் மேல் கொட்டினாள். புகையும் ஆவியும் எழுந்தன. அவள் போட்ட கூச்சலில் தெருவே ஓடிவந்தது. நெருப்பு அந்த அறையோடு அடங்கிற்று. ஆனால் அந்த அம்மாவின் இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்தன.

"மதிவதனி மட்டும் போகலன்னா வீடே போயிருக்கும்" என்று மறுநாளே ஊர் பேசியது. கடைக்கு வந்து கைகொடுத்தவர்கள் உண்டு. அவளுக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பிளக் உருகித்தான் பற்றியிருக்கிறது. முழு வேகத்தில் ஓயாமல் கரண்டை இழுத்தால், மேலே துணியும் மூடியிருந்தால், அது உருகாமல் என்ன செய்யும்?

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனாள். வார்டுக்கு வெளியே அரிஹந்தின் அக்கா பிரமிளா அழுது வீங்கிய கண்ணோடு நின்றிருந்தாள்.

"அம்மா தண்ணி குடிக்க மாட்டேங்கறாங்க மதி. வந்ததுலேர்ந்து ஒரு சொட்டு இறங்கல. டாக்டர் டிரிப்ஸ் ஏத்திகினு திட்டுறாரு. வடிகட்டாத தண்ணிய அவங்க தொட மாட்டாங்க. வடிகட்டிக் குடுக்கலாம்னு துணிய எடுத்தா, 'அந்தத் துணிய என் கண்ணுல காட்டாதே, அத்தினி உசிரையும் அதாலதானே எரிச்சேன்'னு சொல்லி அழறாங்க. வர்றவங்கல்லாம் வேற, பூச்சியக் காப்பாத்தப் போயி வீட்டைக் கொளுத்தினியேன்னு கேட்டுட்டுப் போறாங்க. தம்பியும் எல்லார்கிட்டயும் அதையேதான் சொல்றான்."

 அரிஹந்த் அங்கேதான் நின்றிருந்தான். பிரமிளா நகர்ந்ததும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, அந்த லிமிட் விஷயம். அதை இப்ப சொல்லி இன்னா ஆகப்போவுது? துணி எரிஞ்சது எரிஞ்சதுதான். சொன்னா உங்க கடைப் பேருதான் கெடும். உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகவா?" என்றாள். அதற்கு மேல் பேசினால் கை நீண்டுவிடும் என்று தோன்றியது. அவனைத் தாண்டி உள்ளே போனாள்.

தர்மாம்பாள் இரண்டு கைகளிலும் கட்டோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். உதடு வெடித்துக் காய்ந்திருந்தது. மதிவதனி கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"அம்மா, நீங்க எப்போலேர்ந்து துணி கட்டுறீங்க?"

"வேனல்ல மொத மழை பேஞ்சப்பலேர்ந்து. பையனுக்குத் தெரியாம. அவன் ராத்திரி வந்தா போன்லயே பாத்துட்டுப் படுத்துடுவான், அந்த ரூமுக்கு வரமாட்டான். ஒரு வாட்டி கேட்டேன், பூச்சிக்காகல்லாம் நிறுத்த முடியாதுன்னான். சாயந்தரம் கட்டுவேன், விடியல்ல அவுத்துடுவேன்." குரல் கரகரத்தது. "புண்ணியம்னு நெனச்சேன். நானே கொள்ளி வெச்சேன்."

"வேனல்லேர்ந்து இத்தினி நாளு கட்டினீங்களே, ஒரு நாளாவது பத்திக்கிச்சா?"

சுவரைப் பார்த்தபடியே அவர் இல்லை என்று தலையை அசைத்தார்.

"பத்திக்கல. ஏன்னா, நீங்க மூடினதும் அதுங்களுக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டினா தானா மெதுவாயிடும். அது கோளாறு இல்லைங்கம்மா, காவல். அந்தக் காவல்தான் உங்க வீட்டை இத்தினி நாளாக் காப்பாத்திச்சு." மதிவதனி கட்டிலை இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். "அந்தக் காவலை எடுத்தவ நான். தம்பி கேட்டாரு, நான் செஞ்சேன். ஏன் சூடாவுதுன்னு தெரியாமயே செஞ்சேன். என் பேரு போயிடும்னு செஞ்சேன். துணியில குத்தமில்ல. நீங்க எரிக்கல."

தர்மாம்பாள் மெல்லத் திரும்பினார். அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிக் கதவருகே நின்ற மகனைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமாடா?"

அரிஹந்த் தலையைக் குனிந்துகொண்டான்.

"நாலு பேரு வந்து என்னைக் கேட்டுட்டுப் போனாங்களே, அப்பவும் தெரியுமா?"

 அந்தத் தாய் அவனை வையவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். வைதிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். கொஞ்ச நேரத்தில் கதவருகே அவன் இல்லை.

"தண்ணி" என்றார் தர்மாம்பாள்.

பிரமிளா ஓடி வந்து பையிலிருந்து மடித்து வைத்த வெள்ளைத் துணியை எடுத்தாள். "நீ இல்ல" என்றார் அம்மா. "அவ வடிகட்டட்டும்."

மதிவதனி துணியை நான்காக மடித்தாள்.  பாத்திரத்தின் வாயில் துணியைப் போட்டு, தண்ணீரை அதன் மேல் விட்டாள். டம்ளரில் எடுத்து, அவர் தலையைத் தாங்கி, உதட்டில் வைத்தாள். இரண்டு மடக்கு இறங்கிற்று. மூன்றாவது மடக்குக்கு மூச்சு வாங்கினார். அவள் கையால் வாங்கிக் குடித்தது மன்னிப்பா, இல்லையா என்று அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. கேட்க அவளுக்குத் துணிச்சலும் இல்லை.

அவள் எழுந்தபோது, கண்ணை மூடியபடியே அவர் சொன்னார்: "துணிய உதறிடாதே. அலசி, அந்தத் தண்ணிய ஈரமான எடமாப் பாத்து ஊத்து. அதுல உசிரு இருக்கும்."

மதிவதனி அதை ஒரு டம்ளரில் அலசி எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். ஆஸ்பத்திரிப் பின்பக்கம் குழாய் ஒழுகுகிற இடத்தில் கொஞ்சம் புல் முளைத்திருந்தது. குந்தி உட்கார்ந்து டம்ளருக்குள் பார்த்தாள். பைக்குள் போனில் மெசேஜ் வந்து விழுந்தது. யாரோ களம்பூர்க்காரன், கார்டு லிமிட்டை எடுக்க வேண்டுமாம். போனைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டாள். தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மெதுவாக, ரொம்ப மெதுவாகத்தான் ஊற்றினாள்.